ஜனாஸாவுக்கு முந்திய நான்கு மாதங்கள்

(நமது அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



இனி குணமாக்க முடியாது என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்ட நோயாளிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அப்படி ஒருவர் மௌத்தாகிச் சில மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போய், கடைசி நாட்களில் கவனிப்பு எப்படி இருந்தது என்று கேட்பது நம் வழக்கம்.

நம் பாடாலூரில் இரண்டு வீடுகள். பெயர் வேண்டாம். இரண்டிலும் புற்றுநோய். வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றியது ஒரே நர்ஸ். பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் இருந்த குடும்பம், "அத்தாவை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டோம், அல்ஹம்துலில்லாஹ்" என்றது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் புது மனையில் வீடு கட்டிப் போன குடும்பமோ, நர்ஸும் சரியில்லை, மருந்தும் சரியில்லை என்று அழுதது. விசாரித்தால், நர்ஸ் இரு வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் போயிருக்கிறார்.

முதல் வீட்டில் ராத்திரி விழித்திருக்க ஆள் மாறிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு இந்து அம்மா காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்தார். இரண்டாவது வீட்டில் மகன் சவூதியில், மருமகள் மட்டும்தான். நடுச்சாமத்தில் வலி வந்தால் தட்டுவதற்குப் பக்கத்தில் கதவு இல்லை. இரு பக்கமும் காலி மனை, தெருவிளக்கும் கிடையாது.

அந்த வீட்டு ஜனாஸாவுக்கு நாம் திரளாகப் போனோம். அதற்கு முந்திய நான்கு மாதத்தில் நாம் போனது இரண்டே தடவை. மருமகள் அதை எண்ணி வைத்திருந்தார்.

கேரளத்தில் இதை முன்பே கண்டுகொண்டார்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலி தணிப்பு சிகிச்சைக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். டாக்டர்களால் மட்டும் ஆகாது என்று தெரிந்து, 2001இல் மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரையே சேர்த்தார்கள். வாரம் 2 மணி நேரம் தர முடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். படுக்கைப் புண்ணைப் பார்ப்பதோடு, அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்பதையும் அவர்கள் கவனித்தார்கள்.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. ஆனால் ராத்திரிக்கு ஆளை நாம்தான் தேட வேண்டும். நோய் விசாரிக்கிறோம் என்று போய், யூடியூபில் பார்த்த மூலிகையைச் சொல்லி மணிக்கணக்கில் உட்காருகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் போகாமலிருப்பதே உபகாரம்.

இப்போது அதே புது மனைப் பகுதியில் ஒரு தாய் படுக்கையில் இருக்கிறார். ராத்திரி முறைக்கு ஏழு பெண்கள் வேண்டும், ஆளுக்கு வாரம் ஒரு ராத்திரி. இஷாவுக்குப் பிறகு கூட்டிப்போய், சுபுஹுக்குப் பிறகு வீட்டில் கொண்டுவந்துவிட ஆட்டோச் செலவை அறக்கட்டளை ஏற்கும். இன்று அஸருக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நம் வீட்டிலிருந்து ஒரு பெயரை ஏற்கெனவே எழுதியாயிற்று.