ஆலைக்குப் போன சிறுவன்

படத்தின் கதை மறந்தாலும் அதன் பின்னணி இசை சில வேளை நம் காதிலேயே நிற்கும். பிரெஞ்சுப் படங்களுக்கு அத்தகைய இசையைத் தந்தவர் ஜார்ஜ் டெலரூ.

நெசவாலைகள் நிறைந்த ரூபே நகரில் 1925இல் பிறந்தார். குடும்பத்துக்கு உதவ, பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போனார். ஆனால், இசைப்பள்ளியில் கிளாரினெட் பயில்வதை மட்டும் அவர் விடவில்லை. பிறகு முதுகெலும்புக் கோளாறு அவரை நெடுநாள் முடக்கிப் போட்டது. இசை இயற்றுவதே தம் வழி என்று அப்போதுதான் முடிவு செய்தார்.

1945இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்கு மதுக்கடைகளிலும் திருமணங்களிலும் பியானோ வாசித்தார். பின்னர், திரூஃபோ இயக்கிய 'ஜூல், ஜிம்' (1962) முதலிய படங்கள் அவருக்குப் புகழ் தேடித் தந்தன. 'எ லிட்டில் ரொமான்ஸ்' (1979) ஆஸ்கார் விருதைப் பெற்றுத் தந்தது. 1992இல் ஒரு படத்தின் இசைப்பதிவை முடித்த கையோடு நோயுற்று மறைந்தார்.

நேயர்களே, வீட்டுக் கஷ்டத்தால் பிள்ளையின் படிப்பு நிற்பது நம் தோட்டப்புறங்களிலும் நாம் கண்டதுதான். எல்லாம் நின்றாலும், பிள்ளை விரும்பிக் கற்கும் ஒன்றையாவது நாம் நிறுத்தாதிருப்போம். டெலரூவுக்கு அந்த ஒன்றே வாழ்வானது.