ஈறும் சர்க்கரையும்

பல் தேய்த்துத் துப்பும் நுரையில் ரத்தம் கலந்திருந்தால், பிரஷ் குத்திவிட்டது என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது ஈறு அழற்சி. முற்றினால் அது வாயோடு நிற்பதில்லை. அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. சர்க்கரை ஏற ஏற, ஈறு மேலும் கெடுகிறது.

உடம்பைப் பேணாதவருக்கு ஈறு நோயும் சர்க்கரை நோயும் சேர்ந்து வருவது இயல்புதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஈறு நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு, காரணம் என நிரூபணமாகவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கமே 2012-ல் சொன்னது. ஆனால் சர்க்கரை நோயில் சிகிச்சை கொடுத்தே சோதித்திருக்கிறார்கள். 35 ஆய்வுகளைத் தொகுத்த 2022 காக்ரேன் மதிப்பாய்வின்படி, ஈறுக்கடியில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட, மூன்று நான்கு மாதங்களில் சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்தது. மாத்திரைக்கு இது மாற்று அல்ல, துணை. சர்க்கரை நோயாளியின் பாதத்தைச் சோதிக்கும் மருத்துவர், வாயையும் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.