கைவேலையும் கெம்பஸ் படிப்புத்தான்

(தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாக மாளிகாவத்தையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



சித்திரப் படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "சித்திரம் படிச்சா சோறு கிடைக்குமா?" என்ற கேள்வியோடுதான் பாதிப்பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, அதற்குக் கட்டாயம் வருவேன். முதலில் அது என்ன படிப்பு என்று சொல்லிவிடுகிறேன். கெம்பஸில் போய் நாலு வருஷம் பூவும் கிளியும் வரைந்துகொண்டிருப்பது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம்.

அப்படியில்லை. முதலில் பென்சிலும் கரியும்தான். முன்னால் ஒரு குடத்தை வைத்து, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். பிறகு மனித உடம்பு. அதன் பிறகு வர்ணம், அச்சுப் பதிக்கிற வேலை, சிற்பம். கூடவே அஜந்தாவிலும் சீகிரியாவிலும் ஐரோப்பாவிலும் என்னென்ன செய்தார்கள் என்ற வரலாறும் உண்டு. எழுதிப் பாஸ் பண்ண வேண்டிய பாடம் அது.

சிற்ப வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் கம்பியை வளைத்து எலும்புக்கூடு மாதிரி ஒன்று கட்ட வேண்டும். கம்பி பலமில்லையென்றால் களிமண்ணின் பாரத்தில் உருவம் ராவோடு ராவாகச் சரிந்துவிடும். அதன் மேல் பிசைந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்பி உருவத்தைக் கொண்டுவர வேண்டும். வேலை முடிகிறவரை ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும், காய்ந்தால் வெடித்துப் போகும். உருவம் முடிந்ததும் பிளாஸ்டர் ஒஃப் பரிஸைக் கரைத்து அதன் மேல் பூசி அச்சு எடுப்பார்கள். உள்ளே இருக்கிற மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சீமெந்து வார்ப்பார்கள். கடைசியில் அச்சைத் தட்டித் தட்டி உடைத்தால் உள்ளே சிலை இருக்கும். மண்ணும் போச்சு, அச்சும் போச்சு. வார்ப்பில் பிழை விழுந்திருந்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மரத்திலும் கல்லிலும் செய்வது வேறு மாதிரி. அங்கே சேர்க்க முடியாது, வெட்டி எடுக்கத்தான் முடியும். கவ்வாத்து வெட்டுகிற ஐயாமாருக்கு இது உடனே விளங்கும். எந்தக் கிளையை விடுவது, எதை எடுப்பது என்று கத்தி விழுமுன்னே கண் முடிவு செய்ய வேண்டும். நம்ம ஆட்களிடம் அந்தக் கண் இருக்கிறது. காமன் கூத்துக்கு வேஷம் கட்டி வர்ணம் பூசுகிறவருக்கும் இருக்கிறது. அவரை யாரும் கலைஞர் என்று கூப்பிடுவதில்லை, அது வேறு கதை.

சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது, சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். நாலு பேர் ஒரு பாறையை நெம்பித் தள்ளுகிற சிலை. 1959இல் வைத்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929 முதல் தலைவராக இருந்த வங்காளி. ராஜாவையும் மந்திரியையும் சிலை வைக்கிற ஊரில், பேரில்லாத நாலு கூலித் தொழிலாளிகள் நிற்கிறார்கள். அதே பள்ளியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தவர் தனபால். போகப் போக அவருடைய கை சிற்பத்தின் பக்கம் திரும்பியது. பெரிய சிற்பியாகி, பின்னால் அந்தப் பள்ளிக்கே முதல்வராகவும் வந்தார். எந்த வேலை தன் கைக்கு வரும் என்பது உள்ளே போய்ச் செய்து பார்த்தால்தான் பிள்ளைக்கே தெரியும்.

நம்ம மலையகத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஹனுஷா சோமசுந்தரம், அருள்ராஜ் உலகநாதன் இருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை படித்தவர்கள். தோட்டத்து வாழ்க்கையையும் உழைப்பையும் பொருளாக வைத்துப் படைப்புகள் செய்து, கொழும்பில் கண்காட்சிகளில் வைத்திருக்கிறார்கள். லயத்தையும் கொளுந்தையும் வெளியாட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போன காலம் நமக்குத் தெரியும். இப்போது நம்ம பிள்ளைகளே செய்து காட்டுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, எங்கே படிக்கலாம்? தமிழில் படிப்பதென்றால் இரண்டு இடங்கள். ஒன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று பழையவர்கள் சொல்கிற இடம். மற்றது மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து, 2005இல் தனியானது. அங்கே பெரும்பாலும் சிங்களத்தில்தான் படிப்பு.

ஏ.எல். மார்க்ஸ் மட்டும் போதாது என்பதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படிப்புகளுக்கு உளச்சார்புப் பரீட்சை என்று ஒன்று தனியாக வைப்பார்கள். அங்கே உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். அதற்கான அறிவித்தல் வருகிறபோது தோட்டத்தில் யாரும் பார்க்காமல் விட்டால், பிள்ளைக்கு எவ்வளவு திறமை இருந்தும் பிரயோசனமில்லை. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பாட்டு மட்டும் கேட்காமல், ஏ.எல். எழுதிய தங்கச்சிக்காக அதையும் தேடிப் பாருங்கள் தம்பிமாரே.

இன்னொரு சிக்கல் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. சித்திரத்துக்கு ஆசிரியர் இல்லை என்று பிள்ளையை வேறு பாடத்துக்கு மாற்றிவிடுகிற பாடசாலைகள் நம்ம பக்கம் உண்டு. பெற்றோர் நாலு பேர் சேர்ந்து அதிபரிடம் போய்க் கேட்கலாம், வலயக் கல்வி அலுவலகத்துக்கும் எழுதலாம். தனியாகப் போனால் நாளைக்கு வாங்க என்பார்கள்.

இனி சோற்றுக் கேள்விக்கு வருகிறேன். பட்டம் எடுத்த மறுநாளே வேலை கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கலைப்பிரிவில் எதைப் படித்தாலும் அதுதான் நிலைமை. ஆனால் சித்திர ஆசிரியர் வேலை இருக்கிறது, நம்ம பாடசாலைகளுக்கே தேவை. அச்சகம், விளம்பரம், துணி டிசைன், கோயில் வேலை என்று கைத்திறமைக்கு வழிகளும் உண்டு. கெம்பஸ் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் மகாபொல உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வர்ணத்துக்கும் சாமான்களுக்கும் செலவு வரும், அதை மறைக்கவில்லை. சிற்பம் செய்கிற பிள்ளை பழைய இரும்பையும் வைத்துச் செய்யலாம். பக்கத்தில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் வேலை செய்கிற தம்பிமாருக்கு அது எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஊரிலிருந்து வந்திருப்பவர்கள் பிள்ளைகளோடு கிறீன் பாத் பக்கம் போய்விட்டுப் போங்கள். இங்கிருந்து பெரிய தூரமில்லை. ரோட்டோரமாகவே படங்களை நிறுத்தி வைத்து விற்பார்கள், பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். 1993 முதல் வருஷா வருஷம் கலா பொல என்ற சித்திரச் சந்தையும் அங்கேதான் நடந்து வருகிறது. செய்தவரே பக்கத்தில் நிற்பார். எப்படிச் செய்தீர்கள் என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் வரைந்த கொப்பிகளைக் கொண்டு வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இரவு பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் வாருங்கள்.