பாட்டி உட்கார்ந்திருந்த திண்ணை

நடுவர் அவர்களே! "பெற்றோர் துணை தேவையே இல்லை" என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணித் தம்பி அவர்களே! அவையோரே! வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

தம்பி என்ன சொன்னார்? "சின்ன வயசுல சொப்பு வச்சு விளையாடினோமே, எந்த அப்பா வந்து கத்துக்கொடுத்தார்? பெரியவங்க வந்து உட்கார்ந்தா விளையாட்டு பாடமாயிடும்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கிட்டுப் போயிட்டார். அந்தக் கைதட்டைத் திருப்பி வாங்கத்தான் வந்திருக்கிறேன். (சிரிப்பு)

முதலில், இது என்ன விளையாட்டு? மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரம்னா விளக்கி வைக்கிற பாத்திரம் இல்லீங்க, கதாபாத்திரம்! (சிரிப்பு) "குகை வாசலில் நிற்கிறாய். உள்ளே உறுமல் கேட்கிறது. என்ன செய்யப் போறே?" ஓடலாம், சண்டை போடலாம், பேசியும் பார்க்கலாம். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். நம்ம தாயக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம்!

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இதற்கெல்லாம் மூத்த பிள்ளை. அச்சுக்குப் போகும் முன்பே கைகாக்ஸ் யாரை உட்கார வைத்து விளையாடிப் பார்த்தார் தெரியுமா? தன் மகன் எர்னியையும் மகள் எலீஸையும்! நடுவர் அவர்களே, கதை சொல்லும் நாற்காலியில் அப்பா, எதிரே பிள்ளைகள். பிறக்கும்போதே இந்த விளையாட்டு பெற்றவன் துணையோடுதான் பிறந்தது! (கைதட்டல்)

அமெரிக்காவில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு ஏழு வயது. பக்கத்து வீட்டுப் பையன்கள், பதிமூன்று வயசு இருக்கும், இவனையும் சேர்த்துக்கொண்டார்கள். இவன் ஒரு வீரன். கூடவே ஒரு நாய்க்குட்டி. பகடையை உருட்டினான், ஒன்று விழுந்தது. "டிராகன் உன்னைக் கொன்னுடுச்சு. நீ அவுட். போய் பாப்கார்ன் எடுத்துட்டு வா!" (சிரிப்பு)

சிரிக்கிறோம். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அந்தக் குழந்தை தூங்கலீங்க. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "பாட்டி, நான் செத்துட்டேன்ல... என் நாய்க்குட்டியை இனிமே யார் பார்த்துக்குவா?"

டாக்டர் பட்டம் வாங்கியவள் நான். பதில் தெரியவில்லை.

அந்தப் பையன்கள் மேல் தப்பில்லை. விதிப்படிதான் ஆடினார்கள். ஆனால் ஏழு வயசுக்காரனின் துக்கத்தை ஏந்திக்கொள்ள அந்த மேஜையில் ஒரு மடி இல்லையே! அந்த விளையாட்டின் தொடக்கப் பெட்டியிலேயே பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கிறார்கள். நான்கு முதல் பத்து வயது வரை உள்ளவர்களுக்கென்றே 2012-இல் 'ஹீரோ கிட்ஸ்' என்ற விளையாட்டு வந்திருக்கிறது. எது யாருக்கு என்று குழந்தையா படித்துப் பார்த்து எடுக்கும்?

மறுநாள் என் மகள் கதை சொன்னாள். "நீ சாகலைடா, மயங்கித்தான் விழுந்தே. நாய்க்குட்டி உன் முகத்தை நக்குது. எதிரே டிராகன். என்ன செய்யப் போறே?" நான் சும்மா இருப்பேனா? "கண்ணு, ஓடிடுடா" என்றேன். அவன் திரும்பி, "பாட்டி, பேசாம இருங்க. இது என் முறை!" (சிரிப்பு, கைதட்டல்)

அப்புறம் டிராகனைப் பார்த்துக் கேட்டான்: "உனக்குப் பசிக்குதா?" எனக்கு அது தோன்றவே இல்லையே!

தம்பி, இந்த இடத்தில் உங்கள் கட்சிக்குப் பாதி வெற்றி தருகிறேன். குழந்தையின் பகடையைப் பெரியவர்கள் உருட்டக் கூடாது. துணை என்பது வேறு, தொல்லை என்பது வேறு! (கைதட்டல்)

ஆனால் பக்கத்திலேயே உட்காராமல் இருந்தால் என்ன ஆகும்? 1980-களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டு பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் இழுத்துப்போகிறது என்று பெரிய பீதி. ஆராய்ந்து பார்த்தார்கள், ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு சாயங்காலம் கூட உட்கார்ந்து விளையாடியிருந்தால் அந்தப் பயத்தில் பாதி கரைந்திருக்காதா? துணை குழந்தைக்கு மட்டுமா தேவை? பெற்றவர்களுக்கும் தேவை!

கடைசியாக, தம்பியின் சொப்புக்கு வருகிறேன். யாருமா இல்லை அங்கே? மண் சோற்றை நிஜமாகவே வாயில் போடப் போனால் கையைத் தட்டிவிட அக்கா இருந்தாள். "என்னை ஆட்டத்துக்குச் சேர்க்கலை" என்று அழுதுகொண்டு ஓடினால் கட்டிக்கொள்ளத் திண்ணையில் பாட்டி இருந்தாள். அவள் சொப்பைத் தொட்டதில்லை. அந்த இடத்தை விட்டு எழுந்து போனதும் இல்லை.

இன்றைக்குத் திண்ணை இல்லை. மேஜை இருக்கிறது. அதில் ஒரு நாற்காலியை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போடுங்கள். "என்ன செய்யப் போறே?" என்று கேளுங்கள், பதிலைக் குழந்தையே சொல்லட்டும். ஒருநாள் அதுவே, "அம்மா, இனிமே நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லும். அன்றைக்கு எழுந்து போகலாம்.

அதுவரை துணை தேவை, தேவை, தேவையே என்று சொல்லி, தீர்ப்பை நடுவர் கையில் ஒப்படைத்து அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)