தில்லை மரம் நம் கரையிலும் உண்டு

(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் வந்த காரணம் நீங்கள் அறிந்ததே. அத்தலத்தின் விருட்சம் தில்லை மரம். அது உப்பங்கழியில் வளரும் கண்டல் காட்டு மரம். இன்று நகருக்குள் அந்த வனம் இல்லை. கிழக்கே பிச்சாவரத்தில்தான் அது தழைத்து நிற்கிறது. அதே மரம் மலேசியக் கரையோரச் சதுப்புகளிலும் வளர்கிறது. தோட்டத்தில் மரம் சீவிய குடும்பங்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். இதை வெட்டினாலும் பால் வடியும். ஆனால் அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அதனால்தான் மலாய்க்காரர்கள் குருடு என்னும் பொருள்பட 'பூத்தா-பூத்தா' என்கிறார்கள்.

மலாக்காவுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் எல்லையாக ஓடும் லிங்கி ஆற்றின் முகத்துவாரத்தில் கண்டல் காடு இருக்கிறது. "வெறும் சேறுதானே, மண் கொட்டி மேடாக்கினால் என்ன?" என்று கேட்பவர்கள் நம்மிலும் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. நம் பாட்டன்மார் எத்தனையோ பேரைத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் கொண்டு போயிற்று. 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து அக்காய்ச்சலைக் குறைத்தார். ஆனால் மறுபாதியையும் கேளுங்கள். கரையோரத்தில் மலேரியா பரப்பும் கொசுவில் ஒரு வகை, கண்டல் மரங்களை வெட்டி, கடல்நீர் வந்து போகும் வழியை அடைத்த இடங்களில், வெயில் படும் உப்புநீர்க் குட்டைகளில்தான் பெருகும். நிழல் அடர்ந்த காடு அதற்கு உகந்ததன்று.

அந்தச் சேற்றில்தான் இறாலும் நண்டும் சியாக்காப் மீன் குஞ்சும் வேர்களின் மறைவில் வளர்ந்து கடலுக்குப் போகின்றன. வேர்கள் வண்டலைப் பிடித்து வைத்துக் கரை அரிக்காமல் காக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதே நாளில் நம் பினாங்கு, கெடா கரைகளிலும் உயிர்கள் போயின.

குளம் வெட்டுவது பெரும் புண்ணியம் என்பார்கள். இது இறைவனே வெட்டி வைத்த குளம். மாசி மகத்திற்கும் அஸ்தி கரைப்பதற்கும் நாம் நீர்க்கரைக்குத்தான் போகிறோம். அங்கே பிளாஸ்டிக் பையையும் மாலை நாரையும் விட்டு வருவது வழிபாடு ஆகாது. கோபுரத்துக்குக் கொடுக்கும் கை, கண்டல் கன்று நடுவதற்கும் சிறிது கொடுக்கட்டும். அதைவிட முதன்மையானது, நிற்கின்ற காட்டை நிற்க விடுவது. அழிந்தபின் நட்டு வளர்ப்பது எளிதன்று. தில்லைக் கூத்தனை வணங்கும் நாம் தில்லை மரத்தையும் காப்போம்.