சோற்றில் குறையும் சத்து



காற்றிலுள்ள கரியமில வாயுவே பயிருக்கு உணவு. அது மிகுந்தால் நெல் செழிக்கும், விளைச்சலும் கூடும். நல்லதுதானே என்று நாம் மகிழத் தோன்றும். ஆனால் மணியில் மாவுச்சத்துப் பெருகுமளவுக்கு மற்றச் சத்துகள் பெருகுவதில்லை.

சீனத்திலும் ஜப்பானிலும் திறந்த வயல்களைச் சுற்றிக் குழாய்கள் அமைத்து, வாயுவைச் செலுத்தி, 18 நெல்வகைகளை ஆராய்ந்தனர். 2018இல் வெளியான முடிவின்படி அரிசியில் புரதம் சுமார் 10 சதவீதமும், இரும்பு 8 சதவீதமும், துத்தநாகம் 5 சதவீதமும் குறைந்தன. ‘பி1’ உயிர்ச்சத்தோ 17 சதவீதம் போயிற்று! வயலில் விட்ட வாயுவின் அளவு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 580 பங்கு. 1958இல் காற்றில் 315ஆக இருந்தது இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

பருப்பும் கீரையும் கூட்டிக்கொள்ள நமக்கு வழியுண்டு. சோற்றையே நம்பியிருக்கும் ஏழைக்கு அதுவும் இல்லை.