மாங்கா சீசனும் நெடுந்தீவுக் கடலும்

யாழ்ப்பாணத் தீவுகளுக்குக் கப்பல்ல போயிட்டு வரணும், எப்படிப் போறதுன்னு பங்காருபாளையம், பலமநேர் பக்கத்துல இருந்து பல பேர் கேக்குறீங்க. முதல்ல எப்பப் போகணும்னு சொல்லிடறேன். நம்ம பக்கத்துக்காரங்களுக்கு அதுதான் பெரிய சிக்கல்.

தோத்தாபுரி மாங்கா மண்டிக்கும் ஃபேக்டரிக்கும் ஏறி முடிய ஆகஸ்ட் ஆயிடும். அதுக்கப்புறம்தான் நமக்குக் கொஞ்சம் ஓய்வு. ஆனா நாகப்பட்டினத்துல அக்டோபர் பாதியிலேயே மழைக்காத்து ஆரம்பிச்சிடும். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பலை 2023 அக்டோபர் 14-ஆம் தேதி தொடங்கி வச்சாங்க. 'செரியபாணி'ன்னு கப்பல். ஒரே வாரத்துல, பருவமழைன்னு நிறுத்த வேண்டியதாப் போச்சு. மறுபடியும் 2024 ஆகஸ்ட் 16-லதான் 'சிவகங்கை'ங்கற கப்பல் கிளம்புச்சு. அதுவும் மழைக்காலத்துல நின்னுதான் ஓடுது. ஆகஸ்ட், செப்டம்பர்ல போகலாம், தப்பில்ல. ஆனா அப்பத் தீவுகள் காஞ்சு கிடக்கும், சோளகக் காத்துல (தென்மேற்குக் காத்து) படகு ஆடும், நல்லூர்த் திருவிழா நேரம்ங்கறதால யாழ்ப்பாணத்துல ரூம் கிடைக்கிறதும் கஷ்டம். என்னைக் கேட்டா, பிப்ரவரி கடைசி, மார்ச்தான். கடல் அடங்கியிருக்கும், மழை பேஞ்ச பச்சை மிச்சம் இருக்கும். தோட்டத்துல மருந்தடிக்கிற வேலையை அண்ணன் தம்பி யாராவது பார்த்துக்கிட்டா, அந்த நேரத்துல கிளம்புங்க.

இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட் வேணும், இன்னும் ஆறு மாசத்துக்காவது செல்லணும். இல்லாதவங்க திருப்பதி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துல இப்பவே எழுதிப் போட்டுடுங்க. இலங்கை விசா விதிமுறை மாறிக்கிட்டே இருக்கு, அதனால ஏஜெண்ட் சொல்றதை மட்டும் நம்பாம இலங்கை அரசோட இணையதளத்துல ஒரு தடவை நீங்களே பாருங்க. வேலூர் வழியா நாகப்பட்டினம் போயி, முந்தின நாள் ராத்திரியே அங்க தங்கிடுங்க. கப்பல் ஏறுறதுக்குச் சில மணி நேரம் முன்னாடியே சோதனைக்கு நிக்கணும். கடல்ல ஏறக்குறைய 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். நாம கடல் பார்க்காத ஊர்க்காரங்க, வாந்தி வரும். டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கிக்குங்க, வெறும் வயித்தோடயும் ஏறாதீங்க, வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறாதீங்க.

காங்கேசன்துறையில இறங்கி யாழ்ப்பாணம் வந்ததும் பணத்தை அங்கேயே மாத்திடுங்க. வேலணை, புங்குடுதீவு, காரைநகர் இதுக்கெல்லாம் கடலுக்கு நடுவுல ரோடு போட்டிருக்காங்க, பஸ்லயே போயிடலாம். படகு வேண்டியது நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, இந்த நாலுக்கும்தான். முதல் ரெண்டுக்கும் புங்குடுதீவோட கடைசியில இருக்கிற குறிகட்டுவான் இறங்குதுறையில இருந்து ஏறணும். யாழ்ப்பாணத்துல இருந்து அங்க பஸ் போகுது.

நயினாதீவு கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நாகபூஷணி அம்மன் கோயில், பக்கத்துலயே நாகவிகாரை. அம்மன் சன்னதிக்குள்ள ஆம்பளைங்க சட்டையைக் கழட்டணும். இந்தப் படகுகள்ல கீழ் அறைக்குள்ள இறங்கி நெருக்கியடிச்சு உட்கார வேண்டி வரும். சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க இருந்தா வாசல் பக்கமா உட்கார வைங்க. லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்குங்க. இவ்வளவு சின்னப் பயணத்துக்கு இது எதுக்குன்னு நினைக்காதீங்க. நம்ம பக்கத்துப் பழவேற்காட்டுல 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனாங்க. சுற்றுலா வந்த குடும்பங்க. கூட்டம் அதிகமாத் தெரிஞ்சா அந்தப் படகை விட்டுட்டு அடுத்ததுல போங்க.

நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்குச் சில படகுதான். இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க: அந்தப் படகுதான் தீவு சனங்களோட பஸ். ஆஸ்பத்திரிக்குப் போற கர்ப்பிணி, யாழ்ப்பாணத்துக்குப் போற வாத்தியார், மண்ணெண்ணெய், அரிசி மூட்டை, எல்லாம் அதுலதான். அவங்க ஏறின பிறகு நீங்க ஏறுங்க. இறங்குன உடனே, "அம்மா, திரும்பறதுக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு?"ன்னு ரெண்டு பேர்கிட்ட விசாரிங்க. ஆட்டோக்காரர்கிட்டயும் அந்த நேரத்தைச் சொல்லி வச்சிடுங்க. தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். நடந்தெல்லாம் பார்த்து முடிக்க முடியாது.

சாந்து பூசாம, பவளக் கல்லை அடுக்கியே வேலி கட்டியிருக்காங்க, வீட்டுக்கு வீடு. இந்த ஒண்ணுக்காகவே அவ்வளவு தூரம் போகலாம். பழைய கோட்டை ஒண்ணு இடிஞ்சு கிடக்குது, பெரிய பெருக்கமரம் (பாவோபாப்) ஒண்ணு நிக்குது. தெற்குப் பக்கத்து வெட்டவெளியில குதிரைங்க கூட்டமா மேயும். ஐரோப்பியர் காலத்துல கொண்டு வந்து விட்ட குதிரைகளோட வம்சம். கிட்டப் போயி விரட்டாதீங்க, பிஸ்கட் போடாதீங்க. கோடையில குட்டை வத்திட்டா தண்ணியில்லாம இந்தக் குதிரைங்க சாகுது.

ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணி பார்க்காத ஊர்க்காரங்க நாம, தண்ணியோட அருமையை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. நெடுந்தீவுல நல்ல தண்ணி ரொம்பக் குறைச்சல். குடிக்கிற தண்ணியை யாழ்ப்பாணத்துல இருந்தே எடுத்துட்டுப் போங்க, காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வந்திடுங்க. யார் வீட்டுலயாவது "வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ"ன்னு கூப்பிட்டா சந்தோஷமாக் குடிங்க. ஆனா கை கால் கழுவ ஒரு குடம் கேக்காதீங்க.

நெடுந்தீவு இறங்குதுறை கிட்ட ஒரு நினைவிடம் இருக்கு. 1985 மே 15-ஆம் தேதி 'குமுதினி' படகுல போய்க்கிட்டிருந்த பொதுமக்களை நடுக்கடல்ல வெட்டிக் கொன்னாங்க. குழந்தைங்களும் அதுல உண்டு. அங்க ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க, செல்ஃபி எடுக்காதீங்க. சண்டைக் காலத்தைப் பத்தி அவங்களாச் சொன்னா கேட்டுக்குங்க, நாமளாத் துருவக் கூடாது. கடற்படை முகாம் பக்கம் கேமராவே வேண்டாம்.

கடைசியா, திரும்புறது. காங்கேசன்துறைக் கப்பலுக்கும் உங்க தீவுப் பயணத்துக்கும் நடுவுல ஒரு நாள் காலியா விடுங்க. காத்து அடிச்சா நெடுந்தீவுப் படகும் நிக்கும், நாகப்பட்டினக் கப்பலும் நிக்கும். நாகப்பட்டினத்துல இருந்து ஊருக்கு வர பஸ்ஸோ ரயிலோ முன்கூட்டியே புக் பண்ணாதீங்க. கரை இறங்கின பிறகு டிக்கெட் எடுத்துக்கலாம்.